வழுவும் அமைதியும்

ஒருவன் இன்னும் தயாராகவில்லை. ஆனால் தயாராகிவிட்டவனைப் போல முகத்தைக் காட்டுகிறான். இது பொய்யா, மரியாதையா?

உள்ளது ஒன்று, காட்டுவது மற்றொன்று என்றால் அது பொய்தானே என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் வாழ்க்கை அவ்வளவு சுலபமான தீர்ப்புகளுக்கு இடம் கொடுப்பதில்லை. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். அடுப்படியில் கை நிறைய மாவோடு நிற்கிற அம்மாள் அங்கிருந்தபடியே, "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறாள். அவள் வரவில்லை. கையைக் கழுவ வேண்டும், அடுப்பைத் தணிக்க வேண்டும், முந்தானையைச் சரி செய்துகொள்ள வேண்டும். அதற்குள் 'வந்துவிட்டேன்' என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டாள். வாசலில் நிற்பவர் இதைப் பொய் என்று நினைப்பதில்லை. நிம்மதியாகத் திண்ணையில் உட்காருகிறார்.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். எதிர்காலத்தில் நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகச் சொல்வது பிழை. அதற்கு 'வழு' என்று பெயர். ஆனால் தகுந்த காரணம் இருந்தால் அந்த வழுவையும் அமைதியாகக் கொள்ளலாம் என்று நன்னூலில் விதி இருக்கிறது. அந்தக் காரணங்களில் ஒன்று விரைவு. அவசரத்தில் சொல்லுகிறவனுக்குக் காலத்தை முன்னால் இழுத்துக்கொள்ள உரிமை உண்டு. விரைவு இருக்கிற வரையில்தான் அந்த உரிமையும் இருக்கிறது. இந்த நிபந்தனையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் இதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

நான் பேச வந்தது மிகச் சின்ன விஷயம். இன்று எல்லோர் கையிலும் இருக்கிற கைப்பேசியில் ஒரு செயலியின் சின்னத்தைத் தொடுகிறோம். உடனே ஒரு படம் தோன்றுகிறது. வெறும் நிறமாக இருக்கலாம். நடுவில் ஒரு முத்திரை இருக்கலாம். உள்ளே வரப்போகிற பக்கத்தின் வெறும் சட்டமாகவும் இருக்கலாம். அரை விநாடியோ, இரண்டு விநாடியோ, சிலருக்கு ஐந்தாறு விநாடியோ நின்றுவிட்டு அது மறைகிறது. பிறகுதான் செயலி வருகிறது. இந்தப் படத்துக்குத் தொடக்கத் திரை என்று பெயர். இதில் தர்ம விசாரம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான தடவை கோடிக்கணக்கான மனிதர்களின் முன் நிகழ்கிற ஒரு செயலைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படம் ஏன் தேவைப்படுகிறது? நாம் தொடுகிற நேரத்தில் செயலி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கட்டளைகளைச் சேமிப்பிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அதற்குத் துணையான நிரல்களைக் கொண்டுவந்து பிணைக்க வேண்டும். முன்பு நாம் விட்டுப்போனதை ஞாபகப்படுத்திக்கொண்டு முதல் பக்கத்தை வரைய வேண்டும். இதெல்லாம் முடிகிறவரை செயலியால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது. ஆகவே அதற்குப் பதிலாகக் கைப்பேசியை நடத்துகிற அடிப்படை அமைப்பு, முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஒரு படத்தை எடுத்து நம் முன்னால் நிறுத்துகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் இந்தப் படம் நிற்கும்போது செயலி எழுதியவரின் கட்டளை ஒன்றுகூட அதில் வேலை செய்வதில்லை. உங்கள் பெயர் அதற்குத் தெரியாது. இன்று என்ன தேதி என்றுகூடத் தெரியாது. முந்தியே எழுதி ஒட்டிய சீட்டு அது.

அந்தச் சீட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தொட்ட விரலுக்குப் பதில் வராது. மனித மனம் பதிலில்லாத விநாடிகளைப் பொறுப்பதில்லை. 1968-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மில்லர் என்பவர், மனிதனும் கணினியும் உரையாடும்போது எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் வரவேண்டும் என்று ஆராய்ந்து எழுதினார். 1993-இல் யாக்கோப் நீல்சன் தம் நூலில் மூன்று எல்லைகளைக் குறித்தார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால், தான் செய்த மாத்திரத்தில் காரியம் நடந்ததாக மனிதன் உணர்கிறான். 1 விநாடிக்குள் வந்தால் தாமதம் தெரிகிறது. ஆனாலும் எண்ணத்தின் ஓட்டம் அறுந்துபோவதில்லை. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் கழன்று வேறெங்கோ போய்விடுகிறது. பதில் வராத மனிதன் முதலில் யந்திரத்தைச் சந்தேகிப்பதில்லை, தன்னைத்தான் சந்தேகிக்கிறான். 'சரியாகத் தொடவில்லையோ?' என்று மறுபடியும் தொடுகிறான். பழக்கமில்லாதவர்களும் வயதானவர்களும் இந்தச் சந்தேகத்தில் படுகிற கூச்சத்தைப் பார்த்தவர்களுக்கு, 'இதோ வந்துட்டேன்' என்ற குரலின் அருமை தெரியும்.

ஆகவே தொடக்கத் திரை ஒரு கால வழு. நடக்கப்போவதை நடந்துவிட்டதாகக் காட்டுகிறது. அது வழுவாகவே நிற்கிறதா, அமைதி பெறுகிறதா என்பது பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சொல் உண்மையா பொய்யா என்பது சொல்லிய கணத்திலேயே முடிவாகிவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாக்குறுதிகள் அப்படியல்ல. அவை சொன்ன பிறகு உண்மையாக்கப்படுகின்றன, அல்லது பொய்யாக்கப்படுகின்றன. அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டால் அவள் சொன்னது உண்மை. அரை மணி நேரம் வராமலிருந்தால் அதே சொல் பொய்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. நாடகக் கொட்டகையை உதாரணமாக வைத்துக்கொண்டால் வித்தியாசம் விளங்கும். முன்திரை ஒன்று தொங்குகிறது. அதில் கம்பெனியின் முத்திரை மட்டும் இருந்தால், 'நான் திரை. நாடகம் எனக்குப் பின்னால் இருக்கிறது' என்று அது ஒப்புக்கொள்கிறது. அந்தத் திரையிலேயே அரண்மனை மண்டபத்தை எழுதி, திரை தூக்கப்படும்போது அதே மண்டபம் பின்னால் நின்றால், எப்போது திரை போயிற்று, எப்போது நாடகம் தொடங்கிற்று என்பதே தெரியாது. ஆப்பிளின் வழிகாட்டி நெறிகள் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவை. தொடக்கத் திரை செயலியின் முதல் பக்கத்தைப் போலவே இருக்க வேண்டும். விளம்பரமோ பெருமையோ கூடாது. எழுத்துகள்கூட வேண்டாம் என்பது அவற்றின் சாரம். கூகிளின் ஆண்ட்ராய்டு, 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து முதல் கட்சியில் சேர்ந்துவிட்டது. எந்தச் செயலியானாலும் திறக்கும்போது நிறத்தின் நடுவே அதன் சின்னத்தை அமைப்பே வைத்துக் காட்டுகிறது.

இவற்றில் எது யோக்கியமானது? 'நான் திரை' என்று ஒப்புக்கொள்கிற திரைதான் யோக்கியமானது என்று முதலில் தோன்றும். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சாய்வு உண்டு. ஆனால் பந்தியில் இலை போடுவதை எண்ணிப் பார்க்கிறேன். சாதம் இன்னும் வரவில்லை. இலை விரித்தாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. இங்கே உணவு வரும் என்று அந்த வெற்றிலை சொல்லுகிறதே தவிர, வந்துவிட்டது என்று சொல்லவில்லை. வரப்போகிற பக்கத்தின் வெறும் சட்டத்தைக் காட்டுகிற திரை அந்த இலையைப் போன்றது. அதில் பொய்யில்லை. வாழைக்காய் வறுவலையும் பாயசத்தையும் இலையில் சாயத்தால் எழுதிவைத்தால்தான் பொய். அழுத்த முடியாத பொத்தானை அழுத்தக்கூடியதுபோல வரைந்துவிட்டு, மனிதர் அதை அழுத்தி அழுத்தி ஏமாறும்படி செய்வது அப்படிப்பட்ட காரியம். ஆகவே இரண்டு கட்சியிலும் யோக்கியமாக இருக்கலாம். இரண்டிலும் அயோக்கியமாகவும் இருக்கலாம். உள்ளே இருப்பதற்கு மேல் வாசலில் சொல்லக்கூடாது என்பதே விதி.

இந்த விதியை மீறுகிறவர்களில் ஒரு ரகத்தாரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். செயலி எழுந்து தயாராகிவிட்டது. ஆனாலும் நிறுவனத்தின் முத்திரையை மனிதர் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு மூன்று விநாடி கூடுதலாக நிறுத்தி வைக்கிறார்கள். நிரலில் அதற்கென்றே ஒரு கடிகாரம் வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செயலியை லட்சம் பேர் நாளொன்றுக்கு இருபது தடவை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் 2 விநாடி வீணாக நிறுத்தினால் ஒரே நாளில் 40 லட்சம் விநாடி. மணிக்கணக்கில் 1,100-க்கு மேல். நாள் கணக்கில் 46. தனித்தனியே எடுத்தால் யாருக்கும் நஷ்டம் தெரியாது. தெரியாமல் எடுப்பதற்குத்தான் திருட்டு என்று பெயர். விரைவு என்ற காரணத்துக்காக இலக்கணம் கொடுத்த அனுமதி இங்கே செல்லாது. விரைவே இல்லாமல், வேண்டுமென்றே தாமதித்துக்கொண்டு 'இதோ வந்துட்டேன்' என்று சொல்கிறவனுடைய வழு வெறும் வழுதான். அதற்கு அமைதி கிடையாது.

இதுவரை நேரத்தைப் பற்றிச் சொன்னேன். இனி அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்தது நேரமல்ல, அளவுதான்.

2007-இல் முதல் ஐபோன் வந்தபோது அதன் திரை அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 480 புள்ளி. அடுத்த ஆண்டு வெளியார் எழுதிய செயலிகளை விற்கும் கடை திறந்தது. எல்லாக் கருவிகளும் ஒரே அளவு. ஆகவே ஒரே ஒரு படம் எழுதினால் போதும். தொடக்கத் திரை முடிந்துபோயிற்று. 2010-இல் ஐபோன் 4 வந்தது. திரையின் நீள அகலம் மாறவில்லை; ஆனால் புள்ளிகள் 640-க்கு 960 என்று நெருக்கமாகிவிட்டன. இன்னொரு படம் வேண்டியிருந்தது. அதே ஆண்டில் ஐபேட் வந்தது. அதற்கு 768-க்கு 1024. அதை நிமிர்த்தியும் பிடிக்கலாம், படுக்கவைத்தும் பிடிக்கலாம் என்பதால் இரண்டு படங்கள். 2012-இல் ஐபோன் 5 வந்தது. அகலம் அதேதான், உயரம் மட்டும் 1136 ஆக வளர்ந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு மிகவும் சுவாரசியமான ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு பழைய செயலி இந்த உயரமான திரையை அறிந்திருக்கிறதா இல்லையா என்பதை யந்திரம் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். அந்த உயரத்துக்கென்று எழுதிய தொடக்கப் படம் செயலியினுள் இருந்தால், அது புதிய திரையை அறிந்தது என்று பொருள். படம் இல்லாவிட்டால் அறியாதது என்று பொருள். அப்படி அறியாத செயலியைப் பழைய அளவிலேயே நடுவில் நிறுத்தி, மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை வைத்துவிடுவார்கள். வெறும் வாசல் படமாக இருந்தது, 'உன் அளவு எனக்குத் தெரியும்' என்று சொல்லும் சாட்சியாகிவிட்டது! சாட்சி என்றால் பொய்ச் சாட்சிக்கும் இடமுண்டு. படத்தை மட்டும் சேர்த்துவிட்டு உள்ளே ஒன்றையும் திருத்தாமல் விட்டால் கறுப்புப் பட்டைகள் போய்விடும். உள்ளே நுழைந்த பிறகு பொத்தான்கள் பழைய இடத்தில் அந்தரத்தில் தொங்கும். அதைவிடக் கறுப்புப் பட்டையே மேல் என்பேன். 'எனக்கு உன் அளவு தெரியாது' என்று ஒப்புக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

அளவு பொருந்தாத படத்தை வைத்துக்கொண்டு சமாளிப்பதற்கு மூன்றே வழிகள். இழுத்துப் பொருத்தலாம், அப்போது வட்டம் முட்டையாகிறது, முத்திரையிலுள்ள முகம் கோணுகிறது. ஓரத்தை வெட்டிப் பொருத்தலாம். அப்போது பெயரின் முதலெழுத்தோ கடைசியெழுத்தோ போய்விடுகிறது. அல்லது இரண்டு பக்கமும் பட்டை வைத்து மிச்ச இடத்தை அடைக்கலாம். கிரேக்கர்களின் பழங்கதையில் புரோக்ரஸ்டிஸ் என்று ஒருவன் வருகிறான். வழிப்போக்கர்களை அன்போடு அழைத்துப்போய்த் தன் கட்டிலில் படுக்க வைப்பான். கட்டிலைவிடக் குட்டையானவர்களை இழுத்து நீட்டுவான். நெட்டையானவர்களின் காலை வெட்டுவான். அவன் கொடுமைக்காரன் என்று நாம் சொல்கிறோம். அவனைக் கேட்டால், 'நான் எல்லோரையும் சமமாகத்தானே நடத்துகிறேன்? எல்லோருக்கும் ஒரே கட்டில்தானே?' என்றுதான் சொல்லியிருப்பான்.

இந்தப் பதிலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஒரே மாதிரி நடத்துவது சமமாக நடத்துவதாகிவிடுமா? நம் காலத்தின் பெரிய வாதங்கள் பலவும் இந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தொடக்கத் திரை எழுதுகிறவர்கள் தத்துவ விசாரம் செய்ய வந்தவர்களல்ல. செயலி ஒழுங்காகத் தெரியவேண்டுமே என்ற கவலையில் உழன்றவர்கள். அப்படி உழன்று அவர்கள் கண்ட விடை, தத்துவக்காரர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் அவர்கள் அளவுக்கு ஒரு படமாக எழுதிக் குவித்தார்கள். அளவுகள் பெருகப் பெருகப் படங்களும் பெருகின. 2014-இல் ஐபோன் 6, 6 பிளஸ் என்று இரண்டு புதிய அளவுகள் ஒரே சமயத்தில் வந்தபோது, இது முடிகிற காரியமல்ல என்பது தெளிவாகிவிட்டது. அந்த ஆண்டில் ஆப்பிள் வேறு ஒரு முறையைக் கொடுத்தது. ஸ்டோரிபோர்டு என்று அதற்குப் பெயர். அதில் படத்தை எழுதுவதில்லை, உறவுகளை எழுதுகிறோம். 'இந்த முத்திரை திரையின் நடுவில் இருக்கட்டும். இந்தப் பட்டை மேல் விளிம்பை ஒட்டி இரண்டு ஓரங்களையும் தொட்டு நிற்கட்டும். இதன் அகலம் திரையின் அகலத்தில் பாதியாக இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டால் போதும். எந்தத் திரை வந்து நின்றாலும் அந்த உறவுகளைக் கொண்டு அதற்குரிய படத்தை யந்திரமே அப்போது அமைத்துக்கொள்கிறது. 2017-இல் திரையின் தலையில் ஒரு வெட்டோடு ஐபோன் எக்ஸ் வந்தபோது, இந்த முறையில் எழுதியவர்கள் அதிகம் கலங்கவில்லை. அந்த வெட்டுக்கும் வளைந்த மூலைகளுக்கும் ஒதுங்கிய பத்திரமான பரப்பு என்று ஒன்றை அமைப்பே சொல்லியது. உறவை அதோடு பிணைத்துக்கொண்டார்கள். 2020-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து இந்த முறையில்தான் எழுத வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது.

மறுபடியும் பந்திக்கே வருகிறேன். தலைவாழை இலையும் உண்டு. குழந்தைக்குப் போடுகிற சின்ன இலையும் உண்டு. எந்த இலையாக இருந்தாலும் நுனி உண்பவரின் இடப்பக்கம். உப்பும் ஊறுகாயும் இடப்பக்கத்து மேல் ஓரத்தில். கறிகள் நடுநரம்புக்கு மேலே. சாதம் அதற்குக் கீழே. பரிமாறுகிறவர் யாரும் உப்பு நுனியிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து வைப்பதில்லை. இலைக்குத் தக்கபடி எல்லாம் இடம் பெறுகின்றன. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு சாதம் போடுவதில்லை. ஆனால் இருவருக்கும் ஒரே மரியாதை. நீதி என்பது ஒருவகை விகிதம் என்று அரிஸ்டாட்டில் தம் ஒழுக்க நூலில் சொன்னார். பந்தியில் பரிமாறுகிறவருக்கு அது அரிஸ்டாட்டில் சொல்லாமலே தெரியும். ஒரே பொருளை எல்லோருக்கும் கொடுப்பதல்ல சமத்துவம். ஒரே உறவை எல்லோரோடும் வைத்துக்கொள்வதுதான் சமத்துவம்.

ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு அளவுத் தொல்லை இன்னும் அதிகம். ஐபோனை ஒரு நிறுவனம்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டு கருவிகளை உலகமெங்கும் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஆகவே அவர்கள் புள்ளிக் கணக்கையே கைவிட்டு, ஓர் அங்குலத்துக்கு 160 புள்ளி என்ற திரையை ஆதாரமாகக் கொண்ட ஒரு பொது அலகை வைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் நான் ரசித்த உபாயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 'ஒன்பது துண்டுப் படம்'. படத்தின் விளிம்பில் ஒரு புள்ளி அகலத்துக்குக் கறுப்புக் கோடு போட்டு, எந்தப் பகுதி இழுபடலாம் என்று குறித்துவிடுகிறார்கள். வெறும் நிறமாக உள்ள இடம் எவ்வளவு வேண்டுமானாலும் நீளட்டும், மூலைகளைத் தொடக்கூடாது. இரண்டாவது, 12-ஆம் பதிப்பின் தொடக்கச் சின்னத்துக்கு அவர்கள் வைத்த விதி. பின்னணி இல்லாத சின்னத்தை அந்தப் பொது அலகில் 288 அளவுள்ள சதுரமாக எழுத வேண்டும். ஆனால் அதன் நடுவில் 192 அளவுள்ள வட்டத்துக்குள் அடங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும். வெளியே உள்ளது மறைந்துவிடும். முக்கியமானதை எந்தக் கத்தரியும் எட்டாத நடுவில் வைத்துக்கொள் என்பதே இதன் பொருள். விட்டுக்கொடுக்கக் கூடியது எது, கூடாதது எது என்று பிரித்து அறிவதற்கு ஞானிகள் ஆயுள் முழுவதும் பாடுபட்டார்கள். இங்கே ஒரு படத்தின் விளிம்பிலேயே அதைக் கோடு போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள்!

அளவுப் பிரச்சினை ஓய்ந்துவிடவில்லை. 2019-இல் மடிக்கிற கைப்பேசிகள் கடைக்கு வந்தன. அவற்றில் ஒன்று மூடியிருக்கும்போது 4.6 அங்குலம், விரித்தால் 7.3 அங்குலம். ஒரே கருவிக்கே இரண்டு அளவு. படம் எழுதுகிறவன் இதற்கு ஓடி ஓடி எழுத வேண்டும். உறவு எழுதியவன் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

இவ்வளவும் திறமையைப் பற்றிய பேச்சு. கடைசியாக, எனக்கு நெஞ்சில் உறுத்துகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத் திரையை எழுதுகிறவர் யார்? பெரும்பாலும் நல்ல சம்பளம் வாங்குகிற ஓர் இளைஞர். அவர் கையில் புதிய கருவி இருக்கிறது. திரை பெரியது, யந்திரம் வேகமானது. அவர் எழுதிய தொடக்கத் திரை அவர் கண்முன்னே அரை விநாடிகூட நிற்பதில்லை. மின்னி மறைந்துவிடுகிறது. அதில் கோணல் இருந்தால்கூட அவர் கண்ணில் படாது. அதை நீண்ட நேரம் பார்க்கிறவர் யார்? மலிவான கருவி வைத்திருப்பவர். நாலைந்து வருஷத்துப் பழைய போனை விரிசல் விட்ட கண்ணாடியோடு வைத்துக்கொண்டிருப்பவர். கூகிள் நிறுவனமே 2017-இல் 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவான நினைவகமுள்ள கருவிகளுக்கென்று ஆண்ட்ராய்டின் ஒரு தனி வடிவத்தை வெளியிட வேண்டியிருந்தது. அவ்வளவு பேர் அப்படிப்பட்ட கருவிகளோடு இருந்தார்கள். உறக்கத்திலிருந்து எழுந்து வர 5 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அது மிகையான தாமதம் என்று அதே நிறுவனம் எல்லை குறித்திருக்கிறது. எல்லை குறிக்கப்படுகிறது என்றால் அதைத் தாண்டுகிற செயலிகள் இருக்கின்றன என்றுதானே பொருள்? அந்த ஐந்து விநாடியும் அந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? தம் திரைக்குப் பொருந்தாத, ஓரம் வெட்டுப்பட்ட, முகம் கோணிய ஒரு முத்திரையை.

அந்தப் படத்தை யார் அதிக நேரம் பார்க்கிறார்களோ அவர்களை நினைத்து அது எழுதப்படவில்லை. யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. இந்த விசித்திரம் கைப்பேசிக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தைத் திட்டமிடுகிறவர் அங்கே காத்திருந்ததில்லை. விண்ணப்பப் படிவத்தை அச்சிடுகிறவர் அதைப் பூர்த்தி செய்ததில்லை. காத்திருத்தல் என்பது எப்போதும் எளியவர்களின் பங்காகவே இருந்து வந்திருக்கிறது. காத்திருக்கும் இடத்தை அமைப்பது எப்போதும் காத்திராதவர்களின் பொறுப்பாக இருந்து வந்திருக்கிறது.

'வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். பழைய கருவிக்காரர்களால் வருமானம் சொற்பம். அவர்களுக்காக எத்தனை அளவுகளில் சோதித்துப் பார்ப்பது?' என்று ஒரு வாதம் உண்டு. செயலி என்பது பொழுதுபோக்காக மட்டும் இருந்தால் இந்த வாதத்தை நான் பாதி ஒப்புக்கொள்வேன். பிடிக்காவிட்டால் வேறு விளையாட்டைத் தேடிப் போகலாம். ஆனால் இன்று பணம் அனுப்புவது அதில். மின்கட்டணம் கட்டுவது அதில். ரயிலில் தட்கல் டிக்கெட் எடுப்பதும் அதில். குளிர்சாதனம் இல்லாத வகுப்புக்குத் தட்கல் முன்பதிவு காலை 11 மணிக்குத் திறக்கிறது. அந்த நேரத்தில் விநாடிகளின் விலை என்ன என்பதை ஊருக்குப் போக வேண்டிய கூலித் தொழிலாளி அறிவார். அவர் ஐந்து விநாடி முத்திரையைத் தரிசித்துக்கொண்டிருக்கும்போது, வேகமான கருவிக்காரர் உள்ளே போய்விடுகிறார். வேறு வாசல் இல்லாத வீட்டின் வாசலைக் கட்டுகிறவனுக்குப் பொறுப்பு அதிகம். அவன் வியாபாரியாக இருந்தாலும் அந்த வாசல் அளவில் அவன் பொதுஜன ஊழியன்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிறு விஷயம், நம் மொழியைப் பற்றியது. தொடக்கத் திரையில் எழுத்து வேண்டாம் என்று ஆப்பிள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தத் திரை அசையாத சீட்டு. பயன்படுத்துகிறவரின் மொழிக்கு ஏற்ப அதிலுள்ள சொல் மாறாது. 'வெல்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், உள்ளே எல்லாம் தமிழில் இருந்தாலும் வாசலில் ஆங்கிலம்தான் நிற்கும். தமிழிலேயே எழுதினாலும் நம் சொற்கள் நீளமானவை. குறுகிய திரையில் ஓரம் வெட்டுப்படும். பேசத் தெரியாத இடத்தில் மௌனமாக இருப்பது உத்தமம். நிறம் மட்டும் உள்ள ஒரு வெறும் திரை எல்லா மொழிக்கும் பொது, எல்லா அளவுக்கும் பொது. அதை இழுத்தாலும் கோணாது, வெட்டினாலும் குறையாது. 2019-இலிருந்து ஐபோன்களில் இருள் நிறத் தோற்றம் வந்துவிட்டது. அதைத் தேர்ந்துகொண்டவரின் கண்ணில் நள்ளிரவில் பளீரென்று வெள்ளை அடிக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் எல்லோரும் வெறும் நிறத்தை வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம், தவறில்லை. ஆனால் வாசலில் ஒன்றும் சொல்லாமலிருப்பதைவிட, உண்மையானதை, சுருக்கமாக, வந்தவரின் அளவறிந்து சொல்வது இன்னும் மேலானது. மனிதர்கள் மௌனத்தை எப்போதும் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. தயாராகாதவன் தயாரானவன்போல முகம் காட்டுவது சில நிபந்தனைகளோடு மரியாதை. அந்த நிபந்தனைகள் தவறினால் பொய். உள்ளே இல்லாததை வாசலில் எழுதக்கூடாது. வரக்கூடிய நேரத்துக்குமேல் ஒரு கணமும் காக்க வைக்கக்கூடாது. எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டிவிட்டுச் சமத்துவம் என்று பெருமைப்படக்கூடாது; நிற்பவரின் அளவுக்கு நாம்தான் அமைந்துகொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலைக் கட்டி முடித்தவர் சொந்தக் கருவியில் பார்த்துத் திருப்திப்படாமல், கிடைப்பதில் மிகச் சிறியதும் மிக மெதுவானதுமான ஒரு கருவியைக் கையில் எடுத்து, அங்கே அந்தத் திரை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நேரமும் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் அவருக்குச் சலிப்புத் தட்டினால், அந்தச் சலிப்பைத் தினமும் அனுபவிக்கிற முகம் தெரியாத ஒருவரின் ஞாபகம் வந்தால், பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.